சவுட்டுக் கண்மாயும் நான் எழுதிய மனுவும்

என் அப்பாவுக்கு ஊரிலிருந்து வரும் கடிதங்களை எட்டு வயதிலிருந்து நான்தான் படித்துச் சொல்லி வருகிறேன். அப்பா கொழும்புத் துறைமுகத்தில் கப்பலுக்கு நிலக்கரி சுமக்கிறவர். கடிதங்கள் எழுதுவது ஊரில் யாரோ ஒரு வாத்தியார். சொல்லுவது அய்யாவு மாமா, அதாவது அப்பாவுடன் பிறந்த கருப்பாயி அத்தையின் புருஷன். நலம் விசாரித்து, ஆடு குட்டி போட்டதைச் சொல்லி, கடைசியில் கண்மாயைப் பற்றி ஒரு வரி இருக்கும். "கண்மாய் நிறைந்து கிடக்கிறது" என்று. நாலைந்து வருஷமாக அந்த வரி மாறிவிட்டது. "இந்த வருஷமும் கண்மாய் சுருங்கிவிட்டது." போன ஆனியில் வந்த கடிதத்தில் இன்னும் ஒரு வரி கூடியிருந்தது: "ஐப்பசிக்கும் தண்ணீர் வராவிட்டால் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் பிடிக்கிற கங்காணியிடம் பேர் கொடுத்துவிடுவதென்று இருக்கிறோம்."

அப்பா அன்று சாப்பிடவில்லை. மறுநாள் என்னைக் கூப்பிட்டு, "நீ போய்ப் பாத்துட்டு வா. அம்புட்டு வருசமா கெடந்த கண்மாய் ஏன் சுருங்குதுன்னு படிச்ச பிள்ளைக்குத் தெரியாமப் போகாது. யாருக்கு எழுதணுமோ அவுகளுக்கு எழுது. என் தங்கச்சி ஊரை விட்டுக் கெளம்பிறக் கூடாது" என்றார்.

எங்கள் வம்சத்தில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான். உபாத்தியாயினிப் பரீட்சை எழுதி முடித்திருந்தேன். வேலை தை மாதத்தில்தான். பிறந்ததிலிருந்து பார்த்திராத ஊரைக் காப்பாற்றப் போகிறேன் என்ற நினைப்பில் கப்பலில் எனக்கு வாந்தி கூட வரவில்லை.

ஆவணி மாதம் மதுரையில் இறங்கினேன். கொழும்புப் புறக்கோட்டையில் குடைக்கடை வைத்திருக்கும் சாயபு ஒருவர் அப்பாவுக்குச் சிநேகிதம். அவர் குடும்பத்தோடு நானும் வந்தேன். கோரிப்பாளையத்தில் தர்காவுக்குப் பின்னால் அவருடைய அக்காவின் வீடு. எல்லோரும் அந்த அம்மாளை 'ஆப்பா' என்றார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். நெய்ச்சோறும் தாளிச்சாவும் போட்டார். இரண்டு கவளம் தின்றுவிட்டு, தேங்காய்ச் சம்பல் இல்லாமல் ஒரு விருந்தா என்று மனசுக்குள் நினைத்தேன். மூன்றாவது கவளத்தில் அந்த நினைப்பு போய்விட்டது. ஆப்பாவும் அவர் மருமகளும் அடுக்களையில் உருதுவில் பேசிக்கொண்டதைச் சாயபு மகள் எனக்குத் தமிழில் சொன்னாள். மருமகள் கேட்டாளாம்: "இவ்வளவு படித்த பெண்ணுக்கு மாப்பிள்ளை எங்கே கிடைப்பான்?" ஆப்பா சொன்னாராம்: "அவன் கிடைக்காவிட்டால் நஷ்டம் அவனுக்கு." அன்றைக்கே எனக்கு ஆப்பாவைப் பிடித்துப்போயிற்று.

மறுநாள் காலை வைகையைப் பார்க்கப் போனோம். பாலத்தின் நடுவில் நின்றுகொண்டு, "ஆறு எங்கே?" என்று கேட்டேன். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். கீழே கரையிலிருந்து கரைவரை மணல். கொழும்பில் நடு ஊரில் ஏரி கிடக்கும். மத்தியானமானால் மழை கொட்டும். தண்ணீர் எங்களுக்குத் தொந்தரவு. இங்கே மணலில் குழி தோண்டி, ஊறி வந்த தண்ணீரில் வண்ணார்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். குழிகளுக்குப் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் மண் குவித்திருந்தது. என்ன மண் என்று கேட்டேன்.

"சவுடும்மா. இதுல முக்கி வெள்ளாவி வச்சாத்தான் வேட்டி வெளுக்கும்."

"எந்த ஊர் சவுடு?"

"முந்தியெல்லாம் சவுட்டேந்தல் சவுடு. அது மாதிரி வராது. இப்ப அங்க சுரண்ட ஒண்ணுமில்லைங்கிறாக. இது வேற மண்ணு, பாதி மணலு."

எங்கள் ஊர்ப் பேரை முன்பின் தெரியாத ஒருவர் வாயால் கேட்டேன். பெருமையாக இருந்தது. அவர் சொன்ன செய்தி அப்புறம்தான் மனசில் இறங்கியது.

மூன்றாம் நாள் மேலூர் போகும் மோட்டார் பஸ்ஸில் ஏறினேன். ஆப்பா ஒரு வயதான உறவுக்காரரைத் துணைக்கு அனுப்பினார். அவர் ஏறியதும் தூங்கிவிட்டார். யானைமலை யானை மாதிரியே இருக்கிறது என்று நான் வியந்துகொண்டிருக்கும்போதே சக்கரம் வெடித்தது. டிரைவர் இறங்கிப் பார்த்துவிட்டு, வழியில் போன வைக்கோல் வண்டியை நிறுத்தி இரண்டு கட்டு வாங்கி, டயருக்குள் திணிக்கத் தொடங்கினார்.

"ஏண்ணே, வைக்கலைத் தின்னுட்டு ஓடுமா?" என்று ஒருவர் கேட்டார்.

"தின்னுட்டு மாடே இந்த ஓட்டம் ஓடாது மாப்ள. ஏறி உக்காரு."

வைக்கோல் டயரோடு குதித்துக் குதித்துப் போனோம். ஒரு அம்மாள் மடியிலிருந்த மோர்ச்சட்டி என் மடிக்கு வந்து சேர்ந்தது. திருவாதவூர் போகும் பாதை பிரியும் இடத்தில் அய்யாவு மாமா ஒற்றை மாட்டு வண்டியுடன் நின்றார். மெலிந்த, உயரமான மனிதர். கண் இரண்டும் சிவந்திருந்தன. அழுதிருக்கிறாரோ என்று நினைத்தேன்.

"இல்ல தாயி, காத்து" என்றார்.

திருவாதவூர் பக்கம் வயல்கள் பச்சென்று இருந்தன. பெரியாற்றுக் கால்வாய்த் தண்ணீர். அதைத் தாண்டிக் கிழக்கே போகப்போகப் பச்சை குறைந்து, கடைசியில் கருவேலும் பனையும் மட்டும் நின்றன. ஒரு மேட்டில் வண்டி ஏறியதும் தூரத்தில் வெள்ளை வெளேரென்று பெரிய தண்ணீர்ப் பரப்பு தெரிந்தது. "இம்புட்டுத் தண்ணி இருக்கே மாமா! சுருங்கிருச்சுன்னு எழுதினீங்களே?" என்று கூவினேன். மாமா மாட்டைத் தட்டி ஓட்டினார். கிட்டப் போன பிறகுதான் தெரிந்தது, வெளுத்துக் கிடந்தது தண்ணீர் இல்லை, தரை. நடுவில் ஒரு மந்தை ஆடு படுக்கிற அளவு இடத்தில் கலங்கிய நீர். அதைச் சுற்றிக் கால் புதையும் சேறு. அதற்கப்பால் கரைவரைக்கும் வெடித்த வெள்ளைப் பொருக்கு. காற்று அடித்தால் அது பொடியாகக் கிளம்பி ஊருக்குள் போகிறது. ஊர் கண்மாய்க்குக் கிழக்கே, காற்று மேற்கிலிருந்து. மாமாவின் கண் சிவந்ததற்குக் காரணம் அதுதான். ஊரில் வெள்ளைக் கண் யாருக்கும் இல்லை. ஊரணித் தண்ணீர் கூடக் கரித்தது.

அன்று கேப்பைக்களியும், கண்மாய் ஓரத்தில் முளைக்கும் உமிரிக் கீரையும். அந்தக் கீரைக்கு இயற்கையிலேயே கரிப்பு உண்டு. களிதான் சப்பென்றிருந்தது. "அத்தே, கொஞ்சம் உப்பு போடுங்க" என்றேன்.

அத்தையின் அகப்பை நின்றது. மாமா வாசலை எட்டிப் பார்த்தார்.

"கரிப்புன்னு சொல்லு தாயி" என்றாள் அத்தை மெதுவாக. "இந்த ஊர்ல அந்தப் பேரைச் சொல்ல மாட்டோம்."

ஏதோ சாமி வழக்கம் என்று நினைத்தேன். கொழும்பில் உப்பு கடையில் விற்கும்; உப்பு என்று கேட்டு வாங்குவோம். சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லுவது போல, "உப்பை உப்புன்னு சொன்னா என்ன அத்தே ஆயிரும்?" என்று சிரித்தேன். அவர்கள் என்னை மறுத்துப் பேசவில்லை. படித்த பிள்ளை.

அடுத்து வந்த நாட்களில் கண்மாய் ஏன் சுருங்குகிறது என்று ஊரில் ஒவ்வொருவரையும் கேட்டேன். அம்மனுக்குக் கிடாய் வெட்டாதது என்றார்கள் சிலர். அடியில் வெடிப்பு விழுந்துவிட்டது என்றார்கள் சிலர். மாமாவுக்கு மச்சினன் முறை வரும் சோணை என்பவர், "கண்மாய்க்கு வயசாயிருச்சு ஆத்தா. எங்க அப்பனும் இப்படித்தான் சுருங்கிச் சுருங்கிப் போய்ச் சேந்தான்" என்றார். இதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டேன். சோணைக்கு அது பெரிய வேடிக்கை. "மாப்ள, நான் தும்முனதையும் எழுதுது இந்தப் பிள்ள!"

பிழைப்பையும் பார்த்தேன். தண்ணீர் பின்வாங்கும் மாதங்களில் ஈரம் காயாத ஓரத்து மண்ணைச் சுரண்டி எடுக்கிறார்கள். அதுதான் சவுடு. வண்ணார்கள் கழுதையோடு வந்து நெல்லுக்கோ கேப்பைக்கோ மாற்றிக்கொண்டு போவார்கள். அதில் கொஞ்சத்தை வீட்டுக் கொல்லையில் ஓட்டைப் பானையில் போட்டு, தண்ணீர் ஊற்றி வடித்துக் காய்ச்சுகிறார்கள். வெள்ளையாக அடியில் தங்குகிறது. அதற்குப் பேர் கரிப்பு. தண்ணீர் வந்து நின்று வற்றினால்தான் புதுச் சவுடு கிளம்பும். வராவிட்டால் பழையது காய்ந்து காற்றில் பறந்து கண்ணுக்குள் போகும். மண்ணும் போய், பிழைப்பும் போய், பார்வையும் போகிற கணக்கு.

எட்டாம் நாள், வரத்துக்கால் எங்கிருந்து வருகிறது பார்ப்போம் என்று கிளம்பினேன். கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் ஓடை அது. சருகு நிறைந்து கிடந்தது. அத்தை கூட வந்தாள். அவள் அந்த ஓடையில் மேல்நோக்கி நடந்ததே இல்லையாம். "தண்ணி வரும், எடுப்போம். எங்கிட்டுருந்து வருதுன்னு போய்ப் பாத்ததில்ல" என்றாள். முள் குத்தி, நத்தை ஓடு மிதித்து, இரண்டு நாழிகை நடந்தோம். ஓடை மேலப்புதூர்க் கண்மாய்க் கரையில் போய் முடிந்தது. அங்கே கலுங்கு, அதாவது கண்மாய் நிறைந்ததும் மிச்சத் தண்ணீர் வழிந்து வெளியேறுகிற கல்வாய். அந்தக் கல்வாயின்மேல் மூன்று வரிசை கல் அடுக்கி, களிமண் பூசி, அதன் மேல் புல்லும் முளைத்திருந்தது.

எனக்குக் கணக்கு உடனே புரிந்தது. மேலப்புதூர் நிறைந்து வழிந்தால்தான் எங்களுக்கு. வழிகிற வாயை மூன்று வரிசை உயர்த்திவிட்டார்கள். எங்கள் கண்மாய்தான் கடைசி. அதற்குப் பிறகு தண்ணீர் போகும் வழி இல்லை. மேலே உள்ள மண்ணெல்லாம் கழுவிக் கொண்டுவந்த கரிப்பு அங்கேயே தங்கித் தங்கித்தான் அது சவுட்டுக் கண்மாய் ஆயிற்று. அம்மனும் இல்லை, வெடிப்பும் இல்லை. மூன்று வரிசை கல். நாலு ஆள் அரை நாளில் எடுத்துவிடலாம். "கண்டுபிடிச்சிட்டேன் அத்தே!" என்று அவளைக் கட்டிக்கொண்டேன். அத்தை அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றாள். "இம்புட்டுத்தானா?" என்றாள்.

மேலப்புதூர் அம்பலகாரர் நல்ல மாதிரியான மனிதர். ஊர்ப் பெரிய மனுஷர்கள் விரட்டுவார்கள் என்று எதிர்பார்த்துப் போன எனக்கு அது ஏமாற்றமாகக்கூட இருந்தது. பதநீர் கொடுத்தார். கொழும்பைப் பற்றி விசாரித்தார். அங்கே டிராம் வண்டி மாடில்லாமல் ஓடுவதை நம்பவில்லை.

"கல்லு நாங்கதான் வச்சோம் தாயி. ரெண்டாம் போகம் பாக்கணும்ல? உங்க கண்மாயில நெல்லா வெளையுது? நல்ல தண்ணிய அங்க விட்டா நல்ல தண்ணியும் சவுடாப் போகுது. வீணாத்தானே போகுது?"

"எங்க பிழைப்பு அதுலதான இருக்கு?"

"இருக்கலாம். நானா எடுத்தா என் ஊர்க்காரன் என்னைய வெட்டுவான். சர்க்கார்ல இருந்து ஒரு காயிதம் கொண்டா. மொத கல்லை நானே எடுக்கேன்."

காகிதம்தானே! எழுத்துதானே! எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஊர்க்காரர்களைச் சாவடியில் கூட்டினேன். மாமா சொல்லச் சொல்ல எழுதுவது என்று ஏற்பாடு. "சவுட்டுக் கண்மாய்னு எழுது தாயி. சவுட்டை நம்பித்தான் இருக்கோம்னு எழுது. வேற எதுவும் வேணாம்" என்றார்.

நான் யோசித்தேன். சவுடு என்றால் சர்க்கார் ஆபீசில் யார் மதிப்பார்கள்? அழுக்குத் துணி மண். நெல் விளையாத கண்மாய்க்கு எதற்குத் தண்ணீர் என்றுதானே அம்பலகாரர் கேட்டார்? நெல்லுக்குச் சமமான ஒன்று இதில் விளைகிறது என்று காட்ட வேண்டும். வயலில் நெல் விளைவது போல் இங்கே உப்பு விளைகிறது என்று எழுத வேண்டும். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டால் இவர்கள் முகம் சுளிப்பார்கள். அதற்கும் எனக்கு ஒரு வழி தெரிந்திருந்தது. பள்ளியில் படித்த நல்ல சொல் ஒன்று கையில் இருந்தது.

எழுதியதை எழுந்து நின்று உரக்க வாசித்தேன். "மகா கனம் பொருந்திய துரையவர்கள் சமூகத்திற்கு... மேற்படி தடாகத்தில் வருஷந்தோறும் ஏராளமான லவணம் விளைவதாலும், இக்கிராமவாசிகளாகிய நாங்கள் அந்த லவணத்தைக் காய்ச்சி எடுத்தே ஜீவனம் செய்து வருவதாலும்..."

என் குரல் எனக்கே நன்றாக இருந்தது.

"லவணம்னா என்னா தாயி?" என்று மாமா கேட்டார்.

நான் வாய் திறக்குமுன் சோணை, "அது சர்க்கார் கச்சேரி பாஷை மாப்ள. உனக்கும் எனக்கும் புரிஞ்சா அது மனுவா? படி ஆத்தா, நீ படி!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மாமாவின் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணம் மறதி என்று இங்கே எழுதிவிடலாம். ஆனால் அது மறதி இல்லை. சொன்னால் அந்தச் சொல்லின் ஜொலிப்பு போய்விடும் என்று இருந்தது.

விளக்குக் கரியைக் குழைத்து, முதலில் மாமா, அடுத்து சோணை, அடுத்து ஊரின் மற்ற ஆண்கள் எல்லோரும் ரேகை வைத்தார்கள். ஒவ்வொரு ரேகைக்கும் கீழே நான் பேர் எழுதினேன். அத்தை என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள்.

புரட்டாசி முதல் வாரம் மதுரைக்குப் போய் கலெக்டர் கச்சேரியில் மனுவைக் கொடுத்தேன். வாங்கிய குமாஸ்தா வாசித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்து, "எழுத்து முத்து முத்தா இருக்கே, யார் எழுதினது?" என்றார். "நான்தான்" என்றேன். அன்று கோரிப்பாளையம் திரும்பும்போது பருத்திப்பால் வாங்கிக் குடித்தேன். சுக்கும் கருப்பட்டியுமாகத் தொண்டையில் இறங்கியது. உலகத்தில் இதைவிட ருசி இல்லை என்று ஆப்பாவிடம் சொன்னேன்.

புரட்டாசி கடைசியில் சர்க்கார் ஆட்கள் வந்தார்கள். ஊருக்குள் வண்டி வருவது தெரிந்ததும் பெண்கள் குலவையிட்டார்கள். சர்க்கார் வண்டி வந்தால் அது கல்லை எடுக்கும் உத்தரவோடுதான் வரும் என்று நான்தான் சொல்லிவைத்திருந்தேன். அத்தை செம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். வந்த அதிகாரி வாங்கிக் குடித்தார். பிறகு பையிலிருந்து என் மனுவை எடுத்தார்.

"இது உங்க ஊர் மனுதானே?"

"ஆமாங்கய்யா."

"உப்பு காய்ச்சித்தான் பிழைக்கிறதா எழுதிக் கொடுத்திருக்கீங்க. லைசென்ஸ் எங்கே?"

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமில்லை. அர்த்தம் கேட்கிற பார்வை. சாவடியில் கேட்ட அதே கேள்விதான் அந்தப் பார்வையில் இருந்தது. பதில் அதற்குள் அவருக்கே தெரிந்துவிட்டது.

வீடுவீடாகப் போனார்கள். கொல்லையில் இருந்த பானைகளை உடைத்தார்கள். வடித்து வைத்திருந்த கரிப்பைத் தெருவில் கொட்டித் தண்ணீர் ஊற்றினார்கள். சவுடு எடுக்கத் தடையில்லை, அது வெறும் மண், உப்பு சர்க்காருடையது என்றார் அதிகாரி. இது ஊரில் பேசத் தெரிந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியாது. அவர்கள் அந்தச் சொல்லை வாயில் எடுக்காமல் இருந்தது சாமிக்குப் பயந்து இல்லை. மனுவில் முதலில் இருந்த மூன்று பேரை வண்டியில் ஏற்றினார்கள். மாமா, சோணை, இன்னொருவர். ஏறும்போது சோணை, "கச்சேரி பாஷைன்னு நான்தான் சொன்னேன் ஆத்தா, நீ அழுகாத" என்றார்.

நான் மறுநாளே ஓடினேன். பஸ் கிடைக்காமல் கட்டை வண்டியில், அது குடை சாய்ந்து மீதி வழி நடந்து, கால் வீங்க அந்த ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தேன். அதே குமாஸ்தா. எழுதியது நான், சொல் என்னுடையது, அவர்களுக்கு அர்த்தம் தெரியாது என்று சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"நீ சவுடுன்னு எழுதியிருந்தா கண்மாய் பாக்கிற ஆபீசுக்கு அனுப்பியிருப்பேன் அம்மா. லவணம்னு எழுதியிருக்கே. நான் வேற எங்கே அனுப்பறது?"

மூன்று பேருக்கும் ஒரு மாதம் சிறை.

ஐப்பசியில் நான் மறுபடி மேலப்புதூர் போனேன். இந்தத் தடவை கையில் நோட்டு இல்லை. அம்பலகாரர் விஷயம் கேள்விப்பட்டிருந்தார். "காயிதம் வந்துச்சு போல" என்றார். கிண்டலா என்று முகத்தைப் பார்த்தேன், இல்லை. நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். கடைசியில், "எங்க ஊர்ல பிள்ளைகளுக்குக் கண்ணு போகுது. அதுக்காவது தண்ணி வேணும். இனிமே எழுதிக் கேக்க எனக்குத் தெம்பில்ல. வாயாலதான் கேக்குறேன்" என்றேன். அவர் வெகு நேரம் வெற்றிலையை நீவிக்கொண்டிருந்தார். பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தன் இரண்டு மகன்களோடு கலுங்குக்கு நடந்தார். இரண்டு வரிசை கல்லை எடுத்தார்கள். மூன்றாவதைத் தொடவில்லை.

"இதுக்கு மேல எடுத்தா என் வீட்டுலயே எனக்குச் சோறு கெடைக்காது தாயி."

முன்னமே இப்படி வாயால் கேட்டிருந்தால் எடுத்திருப்பாரா? அவரிடம் அதைக் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

மாமா ஐப்பசிக் கடைசியில் வந்தார். தலையை மொட்டையடித்திருந்தார்கள், காது இரண்டும் பெரிதாகத் தெரிந்தன. வானம் அதுவரை திறக்கவில்லை. வாசலில் உட்கார்ந்து கஞ்சி குடித்தார். நான் தூணுக்குப் பின்னால் நின்றேன்.

"ஏன் தாயி அங்கிட்டு நிக்கிறே?" என்றார். "செயில்ல ஒரு வாத்தியார் இருந்தாரு. உன் மனுவ நான் நெனப்புல இருந்த மட்டும் சொல்லிக் காட்டினேன். நல்லா எழுதியிருக்குன்னாரு. நீ நல்லாத்தான் எழுதினே."

அவர் திட்டியிருந்தால் நான் பொறுத்திருப்பேன்.

கல்லை எடுத்ததைச் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். மறுநாள் காலை அவரும் சோணையும் மேலூர்ப் பக்கம் போனார்கள். சாயங்காலம் திரும்பும்போது கங்காணியிடம் பேர் பதிந்துவிட்டு வந்திருந்தார்கள். இனி ஓட்டைப் பானை வைத்தால் மறுபடி வருவார்கள். சவுடு ஒன்றும் புதிதாகக் கிளம்பவில்லை. அடுப்பில் பூனை படுத்திருந்தது. வேறு எதைச் செய்யச் சொல்ல? தேயிலை மலையைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். குளிர், அட்டை, லயம் என்கிற வரிசை வீட்டில் குடும்பத்துக்கு ஒரே அறை. அத்தை, "கண்ணு எரியாதுல்ல?" என்று மட்டும் கேட்டாள்.

கார்த்திகை பிறந்ததும் புறப்பட்டோம். ஏழு குடும்பம். நானும் அவர்களோடு, கப்பல்வரை ஒரே வழிதான். மூன்று நாளாக விடாமல் மழை. கங்காணியின் ஆள் வண்டிகளுக்கு முன்னால் குடை பிடித்துக்கொண்டு, "வெரசா வாங்கப்பா, ரயிலு உங்க மாமனா நிக்கிறதுக்கு?" என்று சத்தம் போட்டுக்கொண்டே போனான்.

வரத்துக்காலைக் கடக்கிற இடத்தில் மாடு நின்றது. ஓடையில் சருகும் நுரையுமாகச் செந்தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. முழங்காலளவு இருக்கும். மேலப்புதூர் நிறைந்து வழிந்துவிட்டது. தண்ணீர் எங்களைத் தாண்டி, நாங்கள் விட்டு வந்த பக்கமாக, கண்மாயை நோக்கி ஓடியது.

அத்தை வண்டியிலிருந்து இறங்கினாள். தலையிலிருந்த சாக்கை எடுத்துவிட்டு, சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடையின் நடுவில் போய் நின்றாள். குனிந்து ஒரு கை அள்ளி வாயில் வைத்துப் பார்த்தாள்.

"நல்ல தண்ணி" என்றாள். "அய்யோ, நல்ல தண்ணி வந்துருச்சே!"

நான் இறங்கி ஓடி மாமாவின் கையைப் பிடித்தேன். "மாமா, தண்ணி வந்திருச்சு. சித்திரையில சவுடு கெளம்பும். திரும்பிருவோம் மாமா. சவுடு எடுக்கத் தடையில்லைன்னு அவுகளே சொன்னாக. வாங்க, திரும்பிருவோம்."

மாமா ஓடையைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். மழைநீர் அவர் மொட்டைத் தலையிலிருந்து புருவம் வழியாக இறங்கியது. இடது கையை விரித்து, கட்டைவிரலை எனக்குக் காட்டினார். கங்காணியின் மசி இன்னும் முழுக்கப் போகவில்லை.

"ரேகை வச்சாச்சே தாயி" என்றார்.

பிறகு தண்ணீரில் இறங்கி, அத்தையைத் தோளைப் பிடித்துக் கரையேற்றினார்.